காருக்கு ‘ஹெட்டர்’ பூட்டப் போகிறீர்களா?

(எருத்தேன்பதியிலிருந்து நமது நிருபர்)

சென்ற தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த என் அக்காள் மகன், பலகாரத் தட்டைக் கூடத் தொடாமல், கைபேசியில் ஒரு படத்தை எடுத்து என் முன் நீட்டினான். வெள்ளிப் பாம்புகள் நான்கு ஒன்றோடொன்று பின்னிக் கொண்டு கடைசியில் ஒரே வாயாக முடிவது போன்ற ஒரு குழாய்க் கூட்டம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“இதுதானுங்க மாமா ஹெட்டரு. பந்தயக் காருக்கெல்லாம் இதுதான். இதைப் பூட்டினா நம்ம வண்டி பறக்குமுங்க” என்றான்.

பையன் எர்ணாகுளத்தில் ஒரு கார் ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறான். சிநேகிதன் ஒருவனோடு கூட்டுச் சேர்ந்து பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். கோவைக்கு அருகே செட்டிபாளையம் பந்தயத் தளத்தில் ஒரு நாளாவது அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவன் கனவு. ஹெட்டரின் விலையோ அவனுடைய மூன்று மாதச் சம்பளம்.

“நம்ம சீட்டை இந்த மாசம் எடுத்துக் குடுங்க மாமா. மாசாமாசம் நான் கட்டிடறேன்.”

அந்தச் சீட்டு, அக்காள் வீட்டு ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடுவதற்காக நான் கட்டி வருவது. எடுத்த எடுப்பில் ‘முடியாது’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உழைத்துச் சம்பாதிக்கும் பிள்ளை. கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவன். “ஒரு மாதம் பொறு. விசாரித்துச் சொல்கிறேன்” என்றேன்.

நான் ரெயில்வேயில் குமாஸ்தா. படிப்பு பத்தாம் வகுப்போடு முடிந்தது. கார் சங்கதி எனக்குத் தெரியாது. எனவே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கோவைக்குப் போய், பந்தயக் கார்களில் கை வைத்துப் பழகிய மெக்கானிக்குகளிடமும் வெல்டிங் பட்டறைக்காரர்களிடமும் கேட்டு வந்தேன். கேரளத்தில் ஒர்க்ஷாப்பிலும் டிரைவர் வேலையிலும் இருக்கும் நம்மவர் பிள்ளைகள் பலருக்கும் இந்த ஆசை உண்டு. அவர்களுக்கும், பணம் கொடுக்கப் போகும் மாமன்மார்களுக்கும் பயன்படட்டும் என்று கேட்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

கோவையின் பெருமை

எருத்தேன்பதியிலிருந்து எல்லையைத் தாண்டினால் சுமார் ஒரு மணி நேரத்தில் செட்டிபாளையம். அங்கேதான் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ இருக்கிறது. 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தளம் 2003-ல் திறக்கப்பட்டது. ‘கரி’ என்பது கரிவரதன் என்ற பெயரின் சுருக்கம். மில் தொழில் குடும்பத்தில் பிறந்து, பந்தயக் கார் ஓட்டுவதிலும் அதைத் தாமே வடிவமைப்பதிலும் பெயர் பெற்றவர் அவர்.

வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்கப் பெரும் செல்வந்தர்களால்தான் முடியும் என்று இருந்த காலத்தில், நம் தெருவில் ஓடும் மாருதி 800 காரின் என்ஜினையே எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் ‘ஃபார்முலா மாருதி’ என்ற பந்தயக் காரை அவர் உருவாக்கினார். அது 1988-ம் ஆண்டு. 796 சி.சி.யும் மூன்று சிலிண்டரும் கொண்ட அந்தச் சிறு என்ஜின், நடுத்தரப் பையன்களுக்கும் பந்தயக் கதவைத் திறந்துவிட்டது. 1995-ல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். கோவையில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயன், 2005-ல் ஜோர்டான் அணியின் காரை ஓட்டி, ‘ஃபார்முலா ஒன்’ பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார்.

அதற்கும் முன்னால் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. 1953-ல் தொடங்கிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பிற்பாடு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தளம் அமைத்தது. அது 1990-ல் திறக்கப்பட்டது. ஆக, பந்தயக் காரின் புகைக்குழாயை வளைத்துப் பற்றவைக்கத் தெரிந்த கைகள் நம் பக்கத்தில் மூன்று தலைமுறையாக இருக்கின்றன. அவர்களிடம் கேட்காமல் கைபேசிப் படத்தைப் பார்த்துச் சாமான் வாங்குவது எதற்கு?

புகை போகும் வழி

கார் என்ஜினில் பெட்ரோல் எரிந்து முடிந்ததும், மிஞ்சிய புகை ஒவ்வொரு சிலிண்டரின் வால்வு வழியாகவும் வெளியே வருகிறது. நான்கு சிலிண்டர் என்றால் நான்கு வாசல். இந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்துச் சைலன்சர் பக்கம் அனுப்பும் உறுப்புக்கு ‘மேனிஃபோல்டு’ என்று பெயர். கம்பெனி பொருத்தி அனுப்புவது பெரும்பாலும் வார்ப்பு இரும்பில் இருக்கும். கட்டையாக, குட்டையாக, ஆனால் வெகு காலம் உழைப்பதாக இருக்கும்.

அதைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி நீளக் குழாய் கொடுத்து, தள்ளிப் போய் ஒன்று சேர்ப்பதுதான் ஹெட்டர்.

இதனால் என்ன லாபம்? என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும் போது, ஒரு சிலிண்டரிலிருந்து விநாடிக்கு 50 முறை புகை பாய்கிறது. புகை, வாய்க்கால் தண்ணீர் போல ஒரே சீராக ஓடுவதில்லை. அடி அடியாகப் பாய்கிறது. குட்டையான மேனிஃபோல்டில் ஒரு சிலிண்டரின் அடி, பக்கத்துச் சிலிண்டரின் வாசலில் போய் முட்டக் கூடும். தனித்தனிக் குழாயில் அந்த முட்டல் குறைகிறது. அது மட்டுமல்ல, சரியான நீளத்தில் அமைந்தால், முன்னால் பாய்ந்து போகும் புகை தன் பின்னால் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கி, சிலிண்டரில் தங்கியிருக்கும் மிச்சப் புகையையும் உறிஞ்சி எடுக்கிறது. அந்த இடத்தில் புதிய பெட்ரோல் காற்று கூடுதலாக நிரம்புகிறது. சக்தி கூடுகிறது.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் பழைய நீராவி என்ஜின் நினைவுக்கு வந்தது. லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிலிண்டரில் வேலை முடிந்த நீராவியை வீணாக வெளியே விடமாட்டார்கள். ஒரு குறுகிய மூக்கு வழியாகப் புகைபோக்கிக்குள் மேல்நோக்கிப் பாய்ச்சுவார்கள். அது போகிற வேகத்தில் அடுப்புப் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அடுப்புக்குள் புதுக்காற்று புகும். நெருப்பு கொழுந்துவிட்டு எரியும். ‘குப் குப்’ என்று நாம் கேட்ட சத்தம் அந்தப் பாய்ச்சல்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரெயிலில் இன்றும் அதைக் கேட்கலாம்.

அந்த மூக்கு மிகவும் குறுகினால் நீராவி வெளியேற முடியாமல் சிலிண்டரையே பின்னுக்குத் தள்ளும். மிகவும் அகன்றால் இழுப்பு போய்விடும், அடுப்பு மங்கிவிடும். அளவுதான் அதன் உயிர். கார் ஹெட்டருக்கும் கணக்கு இதுவேதான்.

பெரிய குழாய் நல்ல குழாயா?

“குழாய் எவ்வளவு பெரிசோ அவ்வளவு நல்லது” என்று கடையில் சொல்வார்கள். நம்பாதீர்கள் என்கிறார் கோவையில் நான் சந்தித்த மூத்த மெக்கானிக் ஒருவர். “தோட்டத்துல தண்ணி பாய்ச்சறப்ப ஹோஸ் வாயை விரலால அமுக்கினா என்னாகும்? வேகமாப் பீச்சும். விட்டுட்டா சொத்துனு காலடியிலயே விழுகும். குழாயைப் பெரிசு பண்ணினா புகையோட வேகம் செத்துப் போகுமுங்க” என்றார் அவர்.

எஸ்டீம் போன்ற 1,300 சி.சி. என்ஜினுக்கு முதற்குழாய்களின் விட்டம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று முன்பின்னாக இருந்தால் போதும். இரண்டு அங்குலக் குழாயை மாட்டினால் சத்தம் கூடும்; சிக்னலில் நின்று கிளம்பும் போது வண்டி திணறும்.

நீளத்துக்கும் கணக்கு உண்டு. நீளமான குழாய் நடுத்தரச் சுற்றில் இழுவை தரும். குட்டையான குழாய் உச்சச் சுற்றில் உதவும். ஆகவே ‘என் வண்டி எந்தச் சுற்றில் அதிக நேரம் ஓடப் போகிறது?’ என்பதே முதல் கேள்வி. பந்தயத் தளத்தில் வண்டி எப்போதும் உச்சத்திலேயே கத்திக்கொண்டிருக்கும். பாலக்காடு சாலையில் லாரிக்குப் பின்னால் போகிற வண்டிக்கு அந்த உச்சம் நாளில் ஒரு முறை கூட வாய்க்காது.

நான்கு-ஒன்றா, நான்கு-இரண்டு-ஒன்றா?

ஹெட்டரில் இரண்டு சாதி உண்டு. நான்கு குழாயும் ஒரே இடத்தில் சேர்வது ‘நான்கு-ஒன்று’. இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு அந்த இரண்டும் ஒன்றாவது ‘நான்கு-இரண்டு-ஒன்று’.

நான்கு-ஒன்று, உச்சச் சுற்றில் சக்தி தருவது. முழுப் பந்தயத்துக்கு ஏற்றது. நான்கு-இரண்டு-ஒன்று, நடுச் சுற்றில் இழுவை தருவது. மலைப்பாதை ராலிக்கும் சாலைக்கும் ஏற்றது. இரண்டாவது வகையில் எந்தக் குழாயோடு எதைச் சேர்ப்பது என்பது முக்கியம். நான்கு சிலிண்டர் என்ஜின் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில் எரிகிறது. எனவே 1-ம் 4-ம் ஒரு ஜோடி. 2-ம் 3-ம் ஒரு ஜோடி. அப்போதுதான் ஒரு ஜோடிக்குள் இரண்டு அடிகளுக்கும் நடுவே சம இடைவெளி கிடைக்கும். மலிவுச் சரக்கில் 1-ஐயும் 2-ஐயும் சேர்த்துப் பற்றவைத்திருந்தால், அது பார்வைக்கு ஹெட்டர்; வேலைக்குப் பழைய மேனிஃபோல்டை விட மோசம்.

ஃபார்முலா மாருதியில் இருந்தது போன்ற மூன்று சிலிண்டர் என்ஜினுக்கு இந்த ஜோடிக் கவலை இல்லை. மூன்றும் சம இடைவெளியில் எரிவதால் மூன்றையும் நேராக ஒன்றில் சேர்த்துவிடலாம்.

இரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

சாதாரண இரும்புக் குழாய் மலிவு, எங்கும் பற்றவைக்கலாம். ஆனால் கேரளத்து மழையில் சீக்கிரம் துரு ஏறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகம் நன்றாக உழைக்கும். ஆனால் சூட்டில் அது சாதா இரும்பை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரிவடையும். என்ஜின் கடுமையாக உழைக்கும் போது புகையின் சூடு 700, 800 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, வெல்டிங் சரியில்லாத இடத்தில் கீறல் விடும். அதனால்தான் நல்ல வேலைக்காரர் ஆர்கான் வெல்டிங் வைத்து, பின்னால் நெளிந்து கொடுக்கும் இணைப்பு ஒன்றும் போடுகிறார்.

காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவது நம்மவர் வழக்கம். 304-ல் காந்தம் அநேகமாக ஒட்டாது. ஆனால் 409 என்ற ஸ்டெயின்லெஸ் ரகத்தில் ஒட்டும். கார்க் கம்பெனிகளே அதைப் புகைக்குழாய்க்குப் பயன்படுத்துகின்றன. ஆகவே காந்தத்தை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம்.

சூடு அடங்குவதற்காகக் குழாய் மேல் நாடா சுற்றுவதும் உண்டு. பந்தயத் தளத்துக்கு அது சரி. சாலையில் ஓடும் இரும்புக் குழாய்க்குச் சுற்றினால் மழை ஈரம் அதற்குள் தங்கி, உள்ளுக்குள்ளேயே துரு தின்றுவிடும்.

கார்புரேட்டரும் கம்ப்யூட்டரும்

ஹெட்டரை மாட்டியதோடு வேலை முடிவதில்லை. காற்றோட்டம் மாறினால் பெட்ரோல் அளவும் மாற வேண்டும். எஸ்டீம் 1994-ல் வந்த போது கார்புரேட்டர் வண்டி. அதில் ஜெட்டை மாற்றிச் சரி செய்யலாம். பிற்காலத்து எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதற்குத் தகவல் கொடுப்பது புகைக்குழாயில் செருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார். சென்சாருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய், ‘பெட்ரோல் போதவில்லை’ என்று பொய்த் தகவல் போகும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் போச்சு!

இன்னொரு சங்கதி. பெட்ரோல் கார்களுக்குப் புகையைச் சுத்தம் செய்யும் ‘கேட்டலிடிக் கன்வர்ட்டர்’ சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-ல் கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தது. இப்போதைய வண்டிகள் பலவற்றில் இந்தக் கன்வர்ட்டர் மேனிஃபோல்டோடு ஒட்டியே இருக்கிறது. ஹெட்டர் போடுவது என்றால் அதைப் பிடுங்கி எறிவது என்று பொருள். சில புது என்ஜின்களில் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. அங்கே ஹெட்டர் மாட்ட இடமே கிடையாது. டர்போ வண்டிக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

இவ்வளவும் செய்து கிடைக்கும் லாபம் எவ்வளவு? சாதாரணச் சாலை என்ஜினில் வேறு எதையும் மாற்றாமல் ஹெட்டர் மட்டும் போட்டால், சக்தியில் சிறு கூடுதல்தான். கேம், கார்புரேட்டர், கம்ப்ரஷன் எல்லாவற்றையும் மாற்றிய பந்தய என்ஜினில்தான் அது தன் முழுப் பலனைக் காட்டும் என்பதே நான் கேட்டவர்கள் அனைவரும் சொன்ன பதில்.

அன்று இரவு நடந்தது

ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால இரவு. பழனி போய்விட்டு, தெரிந்தவர் ஒருவரின் காரில் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டிக்கு அவர் புதிதாக ஹெட்டர் போட்டிருந்தார். ஏதோ ஒரு பட்டறையில் மலிவாக முடித்த வேலை. மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். உடுமலை தாண்டியதும் எனக்குத் தலை கனத்தது. பின்னால் என் மனைவி வாந்தி வருகிறது என்றாள். குழந்தை தூங்கிவிட்டது. மலைக்கோயில் அலைச்சல், ஓட்டல் சாப்பாடு என்று நினைத்தோம். பொள்ளாச்சிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். குழந்தையை எழுப்பினால், கண் திறந்து மறுபடி துவண்டது.

கடைக்காரர் பெரியவர், “வண்டியில புகை வாசம் அடிக்குது. பிள்ளையைக் காத்தாட வெளியில கொண்டாங்க” என்றார். அரை மணி நேரம் திறந்த வெளியில் உட்கார்ந்தோம். குழந்தை தெளிந்து அழுத பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது. அப்படியே ஆஸ்பத்திரிக்குக் காட்டிவிட்டு, பஸ்ஸில் வீடு வந்தோம். மறுநாள் பார்த்தால், ஹெட்டரின் பட்டைக்குப் பக்கத்தில் வெல்டிங் ஓரமாக ஒரு கீறல். கம்பிகள் உள்ளே போகும் துளையில் ரப்பர் மூடி இல்லை. புகை அந்த வழியாக வண்டிக்குள் வந்திருக்கிறது.

கார்பன் மோனாக்சைடு என்ற அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் பிடிக்க வேண்டிய இடத்தை, ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு அது பிடித்துக்கொள்கிறது. நம் ஊர் விவசாயிகளுக்கு இது தெரியும். கிணற்றுக்குள் ஆயில் என்ஜின் வைத்து ஓட்டிய நாட்களில், புகைக்குழாயை மேலே கொண்டு வந்து விடாமல் யாரையும் உள்ளே இறங்க விடமாட்டார்கள். காரும் கண்ணாடியை ஏற்றினால் ஒரு சின்னக் கிணறுதான். பயணத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் உடனே என்ஜினை நிறுத்தி, எல்லோரும் வெளியே இறங்க வேண்டும். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டுபவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. அதோடு லைசென்சுக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம். 2022 பிப்ரவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை, ‘ஆபரேஷன் சைலன்ஸ்’ என்ற பெயரில் சைலன்சர் மாற்றிய வண்டிகளைப் பிடிக்கத் தனிச் சோதனையே நடத்தியது.

‘வேலந்தாவளம் தாண்டிவிட்டால் தமிழ்நாடு; அங்கே கேட்கமாட்டார்கள்’ என்று சில பிள்ளைகள் பேசிக் கேட்டிருக்கிறேன். இது மத்தியச் சட்டம். கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றேதான். டிரைவர் வேலை செய்யும் நம்மவருக்கு லைசென்ஸ்தான் சோறு. மூன்று மாதம் லைசென்ஸ் இல்லை என்றால் வேலையும் இல்லை. ஊருக்கு மணியார்டரும் இல்லை என்று ஆகிவிடும். மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்சிலும் தகராறு வரலாம்.

பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்கு என்றால் கதை வேறு. அங்கே போட்டி விதிகள் உண்டு. எந்தப் பிரிவில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே வகைக் கார் என்று நடக்கும் பிரிவுகளில், விதிக்கு மாறான ஒரு குழாய் போதும், ஜெயித்த பரிசும் போய்விடும். விதிப் புத்தகத்தைப் படித்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். ஹெட்டர் மாட்டிய பந்தய வண்டியை வேறு வாகனத்தில் ஏற்றித்தான் தளத்துக்குக் கொண்டு போக வேண்டும். சாலையில் ஓட்டிப் போகக் கூடாது.

வாங்குபவர் கவனிக்க

பந்தயத்துக்காகவே வாங்குபவர்களுக்குக் கோவை மெக்கானிக்குகள் சொன்ன சோதனைகள் இவை:

1. முதலில் என்ஜினைச் சோதியுங்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த என்ஜினுக்கு ஹெட்டர் மருந்தாகாது.

2. குழாய்கள் வளையும் இடத்தைப் பாருங்கள். நசுங்கியிருந்தால் வேண்டாம். நம் பழைய பட்டறைக்காரர்கள் குழாய்க்குள் மணல் நிரப்பி, காய்ச்சி வளைப்பார்கள், நசுங்காது.

3. வாசலில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். உள்ளே வெல்டிங் கட்டிகள் துருத்திக்கொண்டிருந்தால் புகை அங்கே முட்டும்.

4. என்ஜினோடு சேரும் பட்டை தடிமனாக, ஒரே மட்டமாக இருக்க வேண்டும். இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வளைவு தெரிந்துவிடும். மெல்லிய பட்டை சூட்டில் வளைந்து, கேஸ்கட் எரிந்து போகும்.

5. நான்கு குழாயும் சம நீளமா? ஒவ்வொன்றின் அடிவாயையும் மரத்தக்கையால் அடைத்து, தண்ணீர் நிரப்பி, எத்தனை டம்ளர் பிடிக்கிறது என்று அளந்து பாருங்கள். விட்டம் ஒன்றாக இருந்தால், தண்ணீர் அளவே நீளத்தின் அளவு. செலவில்லாத சோதனை இது!

6. மாட்டிய பிறகு முதல் ஓட்டம் முடிந்ததும், என்ஜின் ஆறியவுடன், எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். கழற்றிய பழைய மேனிஃபோல்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டும் நாளில் அது வேண்டும்.

படம் மட்டும் இருக்கிறது

இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை பையன் வந்த போது படித்துக் காட்டினேன். சட்டத்தைப் பற்றிச் சொன்ன போது அவன் சிரித்தான். தண்ணீர் அளக்கும் யோசனையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். “கம்ப்ரஷன் பார்த்தாயா?” என்று கேட்டேன். பதில் இல்லை.

எர்ணாகுளம் போய் அந்த வாரமே பார்த்திருக்கிறான். மூன்றாவது சிலிண்டரில் அளவு மிகவும் குறைவு. ஹெட்டைத் திறந்தால் புகை வால்வு ஒன்று விளிம்பில் கருகிப் போயிருந்தது. பழைய வால்வை எடுத்துவிட்டுப் புதியது போட்டு, சீட்டிங் செய்து, பிரேக் பேடுகளையும் மாற்றினான். ஹெட்டர் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் செலவு. அதுவும் தன் சம்பளத்திலிருந்தே.

“வண்டி இப்போ வேற வண்டி மாதிரி இழுக்குதுங்க மாமா” என்று போனில் சொன்னான். செட்டிபாளையத்தில் பந்தயம் நடந்த போது ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய், வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தானாம். விதிப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்றும் விசாரித்து வந்திருக்கிறான். அவன் ஒரு நாள் அந்தத் தளத்தில் ஓட்டுவான், எனக்குச் சந்தேகமில்லை. அன்றைக்கு ஹெட்டர் போடுவதானால், அளந்து பார்த்துத்தான் போடுவான்.

சீட்டு இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. தை பிறந்ததும் அக்காள் வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிறோம். சென்ட்ரிங் வேலைக்கு அவனும் நான்கு நாள் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அந்தப் படத்தை மட்டும் அவன் கைபேசியிலிருந்து எடுக்கவில்லை. இருக்கட்டும்.